எண்ணெய் ஏற மறுக்கும் வண்டி – காற்றுவழியின் கதை



பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தந்தை ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு குறையைச் சொன்னார். எண்ணெய் நிலையத்தில் குழாயைச் செருகிப் பிடியை அழுத்தியவுடனேயே ‘டக்’ என்று நின்றுவிடுகிறதாம். மறுபடி அழுத்தினால் மறுபடியும் ‘டக்’. இருபது ரிங்கிட்டுக்கு எண்ணெய் ஊற்றக் கால் மணி நேரம் ஆகிறதாம். பின்னால் வரிசையில் நிற்பவர் ஹார்ன் அடிக்கிறாராம். கலனோ பாதிகூட நிறையவில்லை. “வண்டிக்கு வயிறு அடைச்சுக்கிச்சா, சார்?” என்று கேட்டார்.

வண்டிக்கு அடைத்திருப்பது பெரும்பாலும் மூச்சுதான். அதை அவருக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட முடிந்தது. ஆனால் அந்த ‘டக்’ ஒலிக்குப் பின்னால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று மறைந்திருக்கிறது. அதில் நம் நீரிணைக் கரைக்கும் பங்குண்டு. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பங்குண்டு என்றால் வியப்பீர்கள். ஆகவே இங்கே சற்று விரிவாக எழுத எண்ணினேன்.

முதலில் வகுப்பறைக்கு வருவோம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அறிவியல் பாடம் பயின்றவர்கள் இச்சோதனையை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கண்ணாடிப் புட்டியின் வாயில் புனலை வைத்து, இடைவெளி இல்லாதவாறு களிமண்ணால் சுற்றிலும் அடைத்துவிட வேண்டும். பிறகு புனலில் நீரை ஊற்றினால், இரண்டொரு சொட்டு இறங்கும். அப்புறம் நீர் புனலிலேயே நின்றுவிடும். களிமண்ணில் ஒரு குச்சியால் துளையிட்டால் ‘புஸ்’ என்று காற்று வெளியேறி நீர் மடமடவென்று இறங்கும். புட்டி வெறுமையாக இல்லை, அதில் காற்று குடியிருக்கிறது, அது வெளியேறினால்தான் நீர் குடியேற முடியும் என்பதை மாணவர் கண்ணால் கண்டு தெளிவர். வண்டியின் எரிபொருள் கலனும் அந்தப் புட்டிதான். 40 லிட்டர் பெட்ரோல் உள்ளே போக வேண்டுமானால் 40 லிட்டர் அளவுள்ள காற்றும் ஆவியும் வெளியே வந்தாக வேண்டும். இனி வரும் வரலாறு முழுவதும் அந்த 40 லிட்டர் எவ்வழியே போயிற்று, யார் அதை அடைத்தார், ஏன் அடைத்தார் என்பதைப் பற்றியதே.

இதன் மறுபக்கத்தை நம் நாட்டு உணவுக்கடைகளில் எல்லாரும் பார்த்திருப்போம். தேநீர் கலக்குபவர் கெட்டிப்பால் டின்னின் மேல் எதிரெதிராக இரண்டு துளைகள் இடுவார். ஒன்று பால் வெளிவர, மற்றொன்று காற்று உட்புக. பெர்னூலியையோ பாஸ்கலையோ அவர் படித்ததில்லை; ஆனால் ஒரு துளை போதாது என்பது அவர் கைக்குத் தெரியும்.

டின் என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. மோட்டார் வண்டி இங்கே வருமுன்னரே எண்ணெய் வந்துவிட்டது. அது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய். அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் நீல நிறத் தகர டின்களில் அடைத்து, மரப்பெட்டிக்கு இரண்டு டின் வீதம் கீழை நாடுகளுக்கு அனுப்பியது. இலண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல் இதற்குப் போட்டியாக வேறொரு வழி கண்டார். டின்னே வேண்டாம், கப்பலையே ஒரு பெருங்கலனாகக் கட்டி எண்ணெயை மொத்தமாகக் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். அவருடைய ‘மூரெக்ஸ்’ கப்பல் 1892 ஆகஸ்டில் சூயெஸ் கால்வாயைக் கடந்து வந்து, சிங்கப்பூரை அடுத்த புக்கோம் தீவில் எண்ணெயை இறக்கியது. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் அப்போது நீரிணைக் குடியேற்றங்கள் எனும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. சாமுவேலின் நிறுவனம்தான் பிற்காலத்தில் ஷெல் என்று பெயர் பெற்றது.

கப்பல் வந்தது, எண்ணெயும் மலிவு. ஆயினும் விற்பனை எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. மக்கள் தங்கள் பாத்திரங்களைக் கொண்டுவந்து எண்ணெய் வாங்கிப் போவர் என்று சாமுவேல் கணக்கிட்டிருந்தார். மக்களுக்கோ எண்ணெய்க்கு இணையாக அந்தத் தகர டின்னும் தேவைப்பட்டது. கூரை வேய, தண்ணீர் சுமக்க, அடுப்புச் செய்ய, குவளை செய்ய என்று கீழை நாடுகள் முழுதும் அந்த நீல டின் ஒரு மூலப்பொருளாகவே ஆகிவிட்டிருந்தது. பிறகு அவர் தகரத்தை இங்கேயே வரவழைத்து, சிவப்பு நிற டின் செய்து, அதில் எண்ணெயை அடைத்து விற்கலானார். தோட்டத்து லயங்களில் வளர்ந்த நம் முன்னோரிடம் கேட்டிருந்தால் இலண்டன் வணிகருக்கு இந்தப் பாடம் இலவசமாகவே கிடைத்திருக்கும்! வெற்று டின்னின் அருமை அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

மோட்டார் வண்டிகள் வந்த தொடக்கத்தில் பெட்ரோலும் டின்னில்தான் விற்கப்பட்டது. புனலை வைத்து ஊற்றினர். வாய் அகலம், ஊற்றும் வேகமும் குறைவு, எண்ணெய் ஒருபுறம் இறங்க, காற்று மறுபுறம் அதே வாய் வழியே ஏறியது. ஏறாத வண்டி என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை. சிந்துவதும் தீப்பற்றுவதும்தான் அன்றைய அச்சங்கள்.

அக்காலத்தின் புகழ்பெற்ற பயணம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவருக்குச் சொல்லாமலேயே, மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்துபோக, வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் துணிக்கறை போக்கும் ‘லிக்ரோயின்’ என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் எண்ணெய் நிலையம் அந்த மருந்துக் கடைதான் என்று அவ்வூரார் இன்றும் பெருமை பேசுவர். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தாராம் அந்த அம்மையார். எரிபொருள் செல்லும் வழியில் அடைப்பைத் தேடிக் களைந்த முதல் பழுதுபார்ப்பாளர் ஒரு பெண், அதிலும் பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளின் தாய். மாணவியருக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

டின்னிலிருந்து பம்பு. 1885இல் அமெரிக்காவின் போர்ட் வேய்ன் நகரில் சில்வேனஸ் பௌசர் என்பவர் மண்ணெண்ணெய் அளந்து கொடுக்கும் கைப்பம்பு ஒன்றைச் செய்து ஒரு கடைக்காரருக்கு விற்றார். பிற்பாடு அது பெட்ரோலுக்கும் வந்தது. இலங்கைத் தமிழர் எண்ணெய் ஏற்றிவரும் பாரவண்டியைப் ‘பவுசர்’ என்பது அவர் பெயரால்தான். கைப்பம்பு மின்பம்பாயிற்று; எண்ணெய் வேகமாக வரத் தொடங்கிற்று. இன்றைய பம்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 35 முதல் 40 லிட்டர் வரை தள்ளும். அவ்வளவு வேகத்தில் கலன் நிறையும் கணத்தைக் கண்ணால் கண்டு நிறுத்துவது கடினம். வழிந்து ஓடிய பெட்ரோல் எத்தனை தீவிபத்துகளுக்கு வித்தாகியிருக்கும்!

இதற்குத் தீர்வாக வந்ததுதான் தானே நின்றுகொள்ளும் குழாய்முனை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தை ஒட்டி அமெரிக்காவில் உருவாகி, பின்னர் உலகெங்கும் பரவியது. அதில் மின்சாரம் இல்லை, கணினி இல்லை. அடுத்த முறை எண்ணெய் ஊற்றுமுன் குழாய்முனையின் நுனியை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் சிறு துளையொன்று தெரியும். எண்ணெய் குறுகலான வழியில் விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. 1738இல் டேனியல் பெர்னூலி நூலாக எழுதி, 1797இல் இத்தாலியரான வென்டூரி குறுகிய குழாய்களைக் கொண்டு விளக்கிய தத்துவம் இது. அந்த உறிஞ்சல் சிறு துளையின் வழியே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் மட்டம் உயர்ந்து துளையை மூடியதும் காற்று வருவது நிற்கிறது; உறிஞ்சல் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய சவ்வை இழுக்கிறது; சவ்வு பிடியை விடுவிக்கிறது; ‘டக்’!

இங்கேதான் நம் பெற்றோரின் கேள்விக்கான விடை இருக்கிறது. கலன் நிறைந்துவிட்டதா இல்லையா என்பது குழாய்முனைக்குத் தெரியாது. தன் நுனித்துளையில் எண்ணெய் பட்டதா என்பது ஒன்றே அதற்குத் தெரியும். கலனிலிருந்து காற்று போதிய வேகத்தில் வெளியேறாவிட்டால், எண்ணெய் கழுத்துக் குழாயில் தேங்கி நுரைத்து மேலே ஏறும். துளையில் படும். கலன் பாதி வெறுமையாக இருந்தாலும் குழாய் நின்றுவிடும்.

சரி, அந்தக் காற்றுவழி ஏன் இத்தனை எளிதாக அடைபடுகிறது? பழைய வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லையே என்று மூத்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். பழைய வண்டிகளின் கலன் திறந்த வெளியில் மூச்சுவிட்டது. மூடியில் ஒரு துளை, அல்லது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழாய், அவ்வளவே. ஆவி நேராக வானத்திற்குப் போயிற்று. அந்த வானத்தின் கீழ்தான் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை உலகம் மெதுவாகத்தான் உணர்ந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1943 கோடையில் கண் எரிக்கும் புகைமூட்டத்தால் திணறியது. போர்க்காலமாகையால் எதிரியின் நச்சுவாயுத் தாக்குதலோ என்றுகூட அஞ்சினராம். 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர், வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஐதரோகார்பன் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுவதைக் காட்டினார். கட்டுப்பாடுகள் வருமுன், ஒரு மகிழுந்து வெளிவிட்ட ஐதரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கலனிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் ஆவியானதே. நிறுத்தி வைத்த வண்டியும் காற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தது! நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே, ஆண்டு முழுதும் வெயில் காயும் பினாங்கில் பெட்ரோல் எப்படி ஆவியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாடாங் கோத்தா லாமாவில் நண்பகலில் நிறுத்திய வண்டியின் மூடியைத் திறந்தால் எழும் சீறல் ஒலியே சான்று.

1970இல் கலிபோர்னியாவிலும், 1971இல் அமெரிக்கா முழுதும் புதிய வண்டிகள் தம் ஆவியைத் தாமே பிடித்து வைக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. பிடித்து வைப்பது எது தெரியுமா? கரி. ஊக்கப்படுத்தப்பட்ட கரி நுண்துளைகள் நிறைந்தது. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். முதல் உலகப் போரில் தேங்காய்ச் சிரட்டைக் கரியை நச்சுவாயு முகமூடிகளில் வைத்தது இதே குணத்திற்காகத்தான். இன்னொன்றும் சொல்லலாம். 1941 டிசம்பர் முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் கிடைக்காத காலத்தில் மலாயாவின் பேருந்துகள் கரியடுப்பை முதுகில் சுமந்து, கரிவாயுவால் ஓடின. அன்று பெட்ரோலுக்கு மாற்றாக வந்த கரி, பின்னர் பெட்ரோலின் ஆவிக்குக் காவலாக அமர்ந்தது.

பட்டறைகளில் ‘கானிஸ்டர்’ என்று சொல்லப்படும் கரிக்கலன் இதுதான். வண்டி நிற்கும்போது கலனின் ஆவி கரியில் ஒட்டிக்கொள்ளும். பொறி ஓடும்போது வெளிக்காற்று கரியினூடே இழுக்கப்பட்டு, ஆவி பொறிக்குள் சென்று எரிந்துவிடும். 1998 முதல் அமெரிக்க வண்டிகளில், எண்ணெய் ஊற்றும்போது வெளியேறும் அந்த முழுப் பங்கு ஆவியும்கூடக் கரியின் வழியே செல்லுமாறு படிப்படியாக அமைத்தார்கள். முன்பு ஒரு துளையாக இருந்த மூச்சுவழியில் இப்போது குழாய்கள், தடுப்பிதழ்கள், கரி, வடிகட்டி என்று எத்தனையோ சேர்ந்துவிட்டன. எங்கே ஒன்று அடைத்தாலும் வண்டி எண்ணெய் குடிக்காது. நம்மை எரிச்சலூட்டும் அந்த ‘டக்’, தூய காற்றுக்காக நாம் கொடுக்கும் சிறு விலை என்பதே என் கருத்து.

கழுத்து ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. இதுவே என்னை மிகவும் பாதித்தது. 1921இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பொறியாளர், பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தால் பொறியின் தட்டல் நிற்கும் என்று கண்டார். 1923இல் விற்பனை தொடங்கியது. பல பத்தாண்டுகள் உலகத்தின் தெருக்களில் ஈயம் தூவப்பட்டது. 1970களில் வந்த வினையூக்கி மாற்றிகள் ஈயம் பட்டால் கெட்டுவிடும் என்பதால், ஈயமற்ற பெட்ரோல் தேவைப்பட்டது. ஓட்டுநர் மலிவான ஈயப் பெட்ரோலை ஊற்றிவிடாதபடி, புதிய வண்டிகளின் கழுத்தைச் சுருக்கினார்கள். ஈயமற்ற குழாய்முனை ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். ஈயப் பெட்ரோல் குழாய்முனை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். பெரியது சிறியதில் நுழையாது. எண்ணெய் ஊற்ற முடியாமல் செய்வதற்கென்றே வடிவமைத்த வண்டி!

1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பாஸ்டனை அடுத்த இரு ஊர்களில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றிலிருந்த ஈயத்தை அளந்தார். வகுப்பாசிரியர்களிடம், பிள்ளைகளின் பல்லில் என்ன இருக்கிறது என்று சொல்லாமலேயே, அவர்களின் நடத்தையை மதிப்பிடச் சொன்னார். எளிதில் கவனம் சிதறுகிறதா, சொன்ன வேலையைத் தொடர்ந்து செய்கிறதா, பகற்கனவு காண்கிறதா என்ற வினாக்கள். நாம் நாள்தோறும் கேட்டுக்கொள்பவை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆசிரியர்கள் மதிப்பிட்டனர். பல்லில் ஈயம் ஏற ஏற, ஆசிரியர் குறித்த குறைகளும் ஏறிக்கொண்டே போயின. அந்த ஈயம் சாயத்திலிருந்தும் வந்திருக்கலாம், புகையிலிருந்தும் வந்திருக்கலாம். எதுவாயினும், எத்தனை வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகள் ‘மந்தம்’ என்று பெயர் வாங்கியிருப்பர்? அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் நம் போன்றவர்களே.

நம் நாட்டில் 1990களில் ஈயமற்ற பெட்ரோல் பரவியது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் முற்றாக நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் கைவிட்டது. பிறந்து ஏறத்தாழ நூறாண்டு சென்ற பிறகு!

இனி, வண்டிக்கு வருவோம். ஏறாத வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகுமுன் நாமே செய்து பார்க்கக் கூடியவை சில உண்டு. வேறு பம்பில், இயன்றால் வேறு நிலையத்தில் முயன்று பாருங்கள். அங்கே ஒழுங்காக ஏறினால் குறை வண்டியில் இல்லை. அந்தக் குழாய்முனையின் துளையில் அழுக்கு இருக்கலாம், அல்லது பம்பின் வேகம் மிகுதி. எங்கும் அதே தொல்லை என்றால், குழாய்முனையைச் சற்றே திருப்பி, பிடியைப் பாதி மட்டும் அழுத்துங்கள். மெதுவாக ஊற்றினால் ஏறுகிறது, விரைவாக ஊற்றினால் நிற்கிறது என்றால் காற்றுவழி முழுதும் மூடவில்லை, குறுகியிருக்கிறது என்று பொருள். மூடியைத் திறக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். வெயிலில் நின்ற வண்டி ஆவியை வெளியே சீறுவது இயல்பு. நெடுந்தூரம் ஓடியபின் திறக்கையில் காற்று உள்ளே இழுபடும் ஒலி நீளமாகக் கேட்டால், கலன் மூச்சு வாங்க முடியாமல் தவித்திருக்கிறது. மூடியில் துளையுள்ள பழைய மோட்டார் சைக்கிள்களில் இத்தவிப்பு மிகுந்தால் பொறியே நின்றுவிடும், 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் நடுவே அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் பட்டறைக்காரரிடம், “கழுத்தை ஒட்டிச் செல்லும் காற்றுக்குழாய் மடங்கியிருக்கிறதா, கரிக்கலனில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா, அதன் வடிகட்டி தூசியால் அடைத்திருக்கிறதா, கழுத்தினுள் இருக்கும் தடுப்பிதழ் ஒட்டிக்கொண்டதா” என்று கேட்டால் அவருக்கு வேலை பாதியாகும். நாமே கம்பியை விட்டுக் குத்துவதோ, வாயால் ஊதுவதோ வேண்டவே வேண்டாம். பெர்த்தா அம்மையாரின் காலம் வேறு.

கரிக்கலனில் எண்ணெய் எப்படித் தேங்கும் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நாமே தேக்குவதுதான். ‘டக்’ என்று நின்றபிறகும் கணக்கை முழு ரிங்கிட்டாக்க இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்துகிறோமல்லவா? ஆவிக்கென்று விட்டுவைத்த வெற்றிடம் நிரம்பி, எண்ணெய் ஆவிக்குழாய் வழியே கரியில் போய்ச் சேர்கிறது. நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. நாளடைவில் பொடிந்து வழியையும் அடைக்கும். 2008 ஜூன் 4ஆம் நாள், மறுநாள் முதல் பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 92 காசிலிருந்து 2 ரிங்கிட் 70 காசாக உயரும் என்று அரசு அறிவித்த இரவில், நாடெங்கும் நிலையங்களில் வரிசை நீண்டது. அன்று தொண்டைவரை குடித்த வண்டிகள் எத்தனையோ! ஜொகூரில் அண்டை நாட்டு வண்டிகளைச் சிலர் இடமும் வலமும் ஆட்டி ஆட்டி எண்ணெய் நிரப்பிய காணொளிகளையும் பார்த்திருப்பீர்கள். ஆட்டினால் சிக்கிய காற்று வெளியேறிச் சிறிது கூடுதலாக ஏறும் என்பது அறிவியல்படி சரியே. மிச்சப்படுத்திய சில ரிங்கிட்டைக் கரிக்கலனுக்குப் பன்மடங்காகத் திருப்பிக் கொடுக்க நேரலாம் என்பதும் சரியே.

எல்லாக் குற்றமும் மனிதருடையதன்று. நம் ஊரில் குளவிகள் குழாய் வாயைக் கண்டால் மண்ணால் கூடு கட்டிவிடும். 2011இல் மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் ‘மஸ்டா 6’ வண்டிகளை ஏறத்தாழ 65,000 எண்ணிக்கையில் திரும்ப அழைத்தது. காரணம், ஒருவகை மஞ்சள் சிலந்தி! பெட்ரோல் வாடையால் ஈர்க்கப்பட்டு, கரிக்கலனின் காற்றுக்குழாயில் புகுந்து வலை பின்னியதால், கலனுக்குள் அழுத்தம் குறைந்து அது விரிசல் விடும் நிலை ஏற்பட்டது. சிலந்தி புகாதபடி குழாயில் ஒரு சுருள்வில்லைப் பொருத்தினார்கள். சிலந்திகள் அதையும் பொருட்படுத்தவில்லை. 2014இல் மேலும் 42,000 வண்டிகளைத் திரும்ப அழைத்து, இம்முறை வண்டியின் கணினி நிரலையே மாற்றியமைத்தார்கள். அதாவது, குழாயில் சிலந்தி குடியிருந்தாலும் கலன் விரிசல் விடாதபடி.